கரும்புக்கு மேலே போன வண்டி

கார் கதவைத் திறந்து இறங்குவதற்குள் டேரில் வெரெட் ஓடி வந்து டூயியின் கையைப் பிடித்துக் குலுக்க ஆரம்பித்துவிட்டான்.

“ரொம்ப சந்தோஷம் சார். உங்களைப் பத்தி நிறையக் கேள்விப்பட்டிருக்கேன். பாயூ ஓடைக்கு இந்தப் பக்கம் துப்பறியறதுக்கு உங்களை விட்டா ஆளே இல்லைன்னாங்க.”

“உண்மைதான்” என்றான் டூயி நாக்கேன், கையை விடுவித்துக்கொள்ளாமலே. “ஆனா அந்த ஆள் நான் இல்லை. நான் காரோட்டி. துப்பறியற ஆள் அந்தப் பக்கமா இறங்கி, காலணியில ஒட்டின சேத்தை வழிச்சுக்கிட்டு இருக்காங்க.”

டேரிலின் முகம் ஒரு கணம் தொங்கி, பிறகு புன்னகையாக நிமிர்ந்தது. ஓடீல் கிட்ரோவுக்கு இது புதிதல்ல. இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய்க் கோரிக்கைகளைப் பிரித்து மேய்ந்த காலத்திலும் சரி, சலவைக்கடை மாடியில் சொந்த அலுவலகம் திறந்த பிறகும் சரி, வாசலில் வரவேற்பு என்னவோ பக்கத்தில் நிற்கும் ஆணுக்குத்தான். ஆரம்பத்தில் கோபம் வந்தது. பிறகு சிரிப்பு வந்தது. இப்போது இரண்டும் வருவதில்லை.

டூயி முன்பு ஏலம் கூவியவன். ஏலக் கம்பெனியை மூடினார்கள். அவன் வாயை மட்டும் யாராலும் மூட முடியவில்லை. அந்த வாயை ஓடீல் வேலைக்கு வைத்துக்கொண்டாள்.

“டிராக்டர் எப்ப காணாமப் போச்சு?” என்றாள்.

“போன சனிக்கிழமை. இல்லேன்னா அன்னிக்கு ராத்திரி. ஞாயித்துக்கிழமை காலையில பார்த்தா ஷெட் காலி” என்றான் டேரில். அவன் ஹூஸ்டனில் எண்ணெய்க் கம்பெனி அதிகாரி. இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டையைக் கரும்புக் காட்டு வெயில் திட்டுத் திட்டாக நனைத்திருந்தது. “அப்பாவோட உயிரே அதுலதான் இருந்துச்சு மேடம். உயரக்கால் டிராக்டர். கரும்புக் காட்டுக்குன்னே அந்தக் காலத்துல செஞ்சது. உலகத்துல அந்த மாதிரி விரல் விட்டு எண்ணிடலாம்.”

உயரக்கால் டிராக்டரைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். சாதாரண டிராக்டரை யாரோ காதைப் பிடித்துத் தூக்கி நிறுத்திய மாதிரி இருக்கும். அல்சீட் வெரெட் அதை ஒரு பாழுங்கால்வாயில் கண்டெடுத்தபோது என்ஜினுக்குள்ளிருந்து ஒரு வில்லோ மரம் வளர்ந்திருந்ததாம். அதை ஓட வைக்கப் பல வருஷம் ஆயிற்று. போன கோடையில் மாநிலக் கண்காட்சியில் அது முதல் பரிசு வாங்கியது. இந்தப் பிப்ரவரியில் அல்சீட் மாரடைப்பில் போய்ச் சேர்ந்தான்.

“அயோவாவுல லைல் ஹெக்மன்னு ஒருத்தர், பழைய டிராக்டருக்குன்னே மியூசியம் வெச்சிருக்கார். அவருக்கு வித்துட்டோம். பித்தளைப் பலகைகூட வார்த்தாச்சு. ‘அல்சீட் வெரெட் தன் கையால் புதுப்பித்தது’ன்னு. இந்த நேரத்துல இப்படி ஆயிடுச்சு.”

“சந்தேகம்?”

டேரில் சாலைக்கு எதிர்ப்புறம் பார்த்தான். அங்கே ஒரு தகரக் கொட்டகை. வாசலில் அண்டா அளவுக்கு ஒரு கொப்பரை கவிழ்ந்து கிடந்தது. “நோலன் ஏபேர். அப்பாவோட கூட்டாளி. வண்டி மேல ரொம்ப நாளா அவனுக்குக் கண்ணு. அப்பாவை விட்டா அதைக் கிளப்பத் தெரிஞ்ச ஒரே ஆள் அவன்தான். நீங்க கண்டுபிடிக்க வேண்டியது ஆளை இல்லை மேடம், ஆதாரத்தை.”

“ஆளை நீங்களே கண்டுபிடிச்சுட்டா எங்களுக்குப் பாதி வேலை மிச்சம்” என்றான் டூயி. “வண்டியையும் கண்டுபிடிச்சுட்டா நாங்க காபி குடிச்சுட்டுக் கிளம்பிடுவோம்.”

காபி என்ற சொல்லுக்கே காத்திருந்தது போல் உள்ளேயிருந்து ஒரு கிழவி தட்டோடு வந்தாள். எல்மீர் வெரெட். டூயியின் நெஞ்சு உயரம்கூட இல்லை. கறுப்புச் சால்வை, கறுப்பு உடை, தோளில் கனமான துணிப்பை. மாதா கோயிலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள்.

“குடி, ஷேர்” என்று கோப்பையை நீட்டினாள். வீட்டுக்கு வந்தவர் யாராயிருந்தாலும் கண்ணு, ராசா என்கிற மாதிரி அவளுக்கு எல்லாரும் ஷேர்தான். கோப்பையோடு ஓர் ஆரஞ்சு வாசனையும் வந்தது.

டூயி மூக்கை உறிஞ்சினான். “மிஸ் எல்மீர், உள்ள ஆரஞ்சு கேக் வேகுதா? என் மூக்கு பொய் சொல்லாது.”

“கேக்குமில்லை ஒண்ணுமில்லை. பன்னிக்கறி அடைச்ச பூடான்தான் இருக்கு. கட்டித் தரட்டுமா?”

“கட்டாதீங்க, அப்படியே குடுங்க. கட்டைப் பிரிக்கிற நேரத்துல ரெண்டு தின்னுடலாம்.”

ஓடீல் கேட்டாள்: “சனிக்கிழமை நீங்க வீட்டுலதானே இருந்தீங்க? சத்தம் ஏதாவது கேட்டுதா?”

“அன்னிக்கு எதிர்ப்பக்கம் ஒரே சத்தம்” என்றாள் எல்மீர். “அல்சீட் நினைவா கிராஃபிஷ் இறால் வேக வெச்சாங்க. சிநேகிதக்காரங்க எல்லாரும் அவங்கவங்க பழைய டிராக்டரைக் கொண்டாந்து, அவருக்கு மரியாதைன்னு ஒரே நேரத்துல கிளப்பி உறும விட்டாங்க. எனக்குத் தலைவலி. மாத்திரை போட்டுக்கிட்டுப் படுத்துட்டேன்.”

“அம்மாவைத் தொந்தரவு பண்ணாதீங்க மேடம்” என்று டேரில் குறுக்கிட்டான். “அவங்களுக்கு டிராக்டரைப் பத்தி என்ன தெரியும்? ஷெட்டுக்குக் காபி கொண்டுபோறதோட சரி.”

எல்மீர் மகனை ஒரு முறை பார்த்தாள். பிறகு காலித் தட்டைத் திண்டின் மேல் நேராக வைத்தாள். “நவநாள் ஜெபம் நடக்குது. நேரமாச்சு” என்று சொல்லிவிட்டுக் காரை எடுத்துக்கொண்டு போனாள்.

*

ஷெட் சுத்தமாக இருந்தது. டிராக்டர் நின்ற இடத்தில் எண்ணெய்க் கறை ஒன்றுதான் பாக்கி. ஒரு சுவர் முழுக்கப் புகைப்படம். கோப்பையோடு அல்சீட், நாடாவோடு அல்சீட், உயரக்கால் வண்டியின் உச்சியில் ராஜா மாதிரி அல்சீட். ஒவ்வொரு படத்திலும் பக்கத்தில் நிற்பவர்கள் அவன் தோளுக்குக் கீழே. ஒரு படத்தில் அவன் தொப்பியே சட்டத்துக்குள் அடங்கவில்லை.

எதிர்ச் சுவரில் கருவிகள். ஸ்பானர்கள் வரிசை பிசகாமல் தொங்கின. டூயி ஒன்றை எடுக்கக் குனிந்தவன், இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தான்.

“இங்க வேலை செஞ்சா என் முதுகு கேள்விக்குறி ஆயிடும். மேஜையைப் பாருங்க, பள்ளிக்கூடத்துல முதல் வகுப்புப் பசங்க பெஞ்சு மாதிரி.”

ஓடீல் படத்தைப் பார்த்தாள். மேஜையைப் பார்த்தாள்.

“திருடினது நான்தான்னு பையன் சொல்லிட்டானா?”

வாசலில் நோலன் ஏபேர். வெள்ளை ரப்பர் பூட்ஸ், கையில் ஈரத் துண்டு, முகத்தில் எப்போதும் யாரோ மிதித்துவிட்ட மாதிரி ஓர் எரிச்சல்.

“சொல்லிட்டார்” என்றான் டூயி. “நீங்க ஒத்துக்கிட்டீங்கன்னா சாப்பாட்டு நேரத்துக்குள்ள நான் வீட்டுக்குப் போயிடுவேன்.”

“சனிக்கிழமை பூரா நான் கொப்பரைகிட்டதான் நின்னேன். ஊரே பார்த்துச்சு. எல்மீர் வரலையேன்னு ஒரு தட்டுகூட அனுப்பினேன். கதவைத் தட்டித் தட்டிப் பார்த்துட்டு ஆள் திரும்பிடுச்சு.”

“அந்த வண்டியைக் கிளப்ப யார் யாருக்குத் தெரியும்?” என்றாள் ஓடீல்.

“அல்சீட். நான்.” நோலன் துண்டை உதறினான். “அவ்வளவுதான்.”

“அல்சீட் வேலை செய்யறதைப் பார்த்திருக்கீங்களா?”

“பார்க்காம? பரிசு வாங்கறப்ப எல்லாம் பக்கத்துலேயே நின்னிருக்கேன்.”

“நான் கேட்டது பரிசு வாங்கறதை இல்லை. வேலை செய்யறதை.”

நோலன் துண்டால் கையைத் துடைத்தான். கை ஏற்கெனவே துடைத்துத்தான் இருந்தது. “கொப்பரையைக் கழுவணும்” என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனான்.

“அந்தக் கொப்பரையை இவர் ஒரு வாரமா கழுவறாரு” என்றான் டூயி. “ஒண்ணு கொப்பரை பெரிசு, இல்லேன்னா பொய் பெரிசு.”

*

வீட்டிலிருந்து சாலைக்குப் போகும் வழி நெடுக இரு பக்கமும் ஓக் மரங்கள். கிளைகளிலிருந்து சாம்பல் நிறப் பாசி தாடி தாடியாகத் தொங்கியது. ஓடீல் நடுவழியில் நின்று அண்ணாந்து பார்த்தாள்.

“டூயி, உன் கையை உயரத் தூக்கு.”

“யார் துப்பாக்கி நீட்டறது?”

“தூக்கு.”

தூக்கினான். அவன் விரல்நுனிக்கு ஒரு முழம் மேலே பாசி ஆடியது.

“போலீஸ் என்ன சொல்லுது? ராத்திரி டிரெய்லர்ல ஏத்திக்கிட்டுப் போயிட்டாங்கன்னு. உயரக்கால் வண்டி தரையில நின்னாலே இந்தப் பாசிக்கு ஒரு சாண்தான் குறைவு. டிரெய்லர் மேல ஏத்தினா?”

டூயி பாசியைப் பார்த்தான். ஒரு இழைகூட அறுந்திருக்கவில்லை. தரையில் ஒரு குச்சிகூடக் கிடக்கவில்லை. “தாடி சவரம் ஆகியிருக்கும்.”

“ஆகலை. அப்ப டிரெய்லர் வரலை. வண்டி தானா ஓடித்தான் போயிருக்கு. ராத்திரி ஓட்டினா அதோட டப்டப் சத்தம் ஊரையே எழுப்பும். சனிக்கிழமை சாயங்காலம், ஊர்ல இருக்கற பழைய டிராக்டர் எல்லாம் உறுமிக்கிட்டு இருந்தப்ப ஓட்டினா?”

“கூட்டத்துல ஒரு தும்மல்” என்றான் டூயி. சொன்னவன் உடனே நெற்றியைச் சுருக்கினான். “ஆனா வாசல்ல ஊரே உக்காந்து கிராஃபிஷ் தலையை உறிஞ்சிக்கிட்டு இருந்துச்சே? அவங்க நடுவுல எப்படிப் போகும்?”

“சாலைப் பக்கம் போகலை.”

“பின்பக்கம் பூரா கரும்பு மிஸ் ஓடீல். போலீஸ் சுத்திப் பார்த்துட்டாங்க. ஒரு கரும்பு ஒடியலை.”

ஓடீல் அவனைத் திரும்பிப் பார்த்தாள். அவளுக்குச் சிரிப்பு வருவது அபூர்வம், வரப் பார்த்தது. “அந்த வண்டியை எதுக்காக டூயி அவ்வளவு உயரமா செஞ்சாங்க?”

டூயியின் வாய் திறந்தது. ஏலம் கூவிய காலத்திலிருந்து முதல் தடவையாக அதிலிருந்து ஒன்றும் வரவில்லை.

மே மாதக் கரும்பு இடுப்பளவு நின்றது. ஷெட்டின் பின்னால் வரிசைகள் தொடங்கும் மேட்டில் ஓடீல் ஒவ்வொரு வரிசையாகக் குனிந்து, இலைகளைத் தடவிக்கொண்டே போனாள். சக்கரத் தடம் எல்லா வரிசையிலும் இருந்தது. குத்தகைக்காரன் டிராக்டர் தினமும் போகிறது. டூயி பூடானைக் கடித்துக்கொண்டு பின்னால் வந்தான்.

“பாம்பு இருக்கும் மிஸ் ஓடீல்.”

“இருக்கும்.”

“நீங்க முன்னாடி போறதுல எனக்கு ஆட்சேபணை இல்லைன்னு சொல்ல வந்தேன்.”

ஒரு வரிசையில் அவள் கை நின்றது. இலையின் மேல்பக்கம் ஒரு கரும்பொட்டு. தேய்த்தாள். வழுவழுத்தது. முகர்ந்தாள். இரண்டு எட்டு தள்ளி இன்னொன்று. அப்புறம் இன்னொன்று. அந்த வாரம் மழை இல்லாததால் புழுதி படிந்து, மை சிந்தியது போல் அப்படியே இருந்தது.

“எண்ணெய்” என்றாள். “சாதாரண வண்டி சொட்டினா தரையில சொட்டும். இது இலைக்கு மேல சொட்டியிருக்கு. கரும்பைக் காலிடுக்குல விட்டுக்கிட்டு, தலை மேலயே போயிருக்கு. இலையெல்லாம் வளைஞ்சு குடுத்துட்டு, போனப்புறம் நிமிர்ந்துடுச்சு.”

“காட்டிக் குடுக்காத சாட்சிங்க” என்றான் டூயி. “இந்த ஊர்க்காரங்க மாதிரியே.”

அந்த ஒற்றை வரிசையைப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். இலை விளிம்பு கையை அறுத்தது. வியர்வை பட்ட இடமெல்லாம் எரிந்தது. வரிசை வளையாமல் நெளியாமல் போய், ஒரு பாழடைந்த சர்க்கரை ஆலையின் முதுகில் முடிந்தது. செங்கல் புகைபோக்கியில் மரம் முளைத்திருந்தது. தகரச் சுவரின் இடுக்கு வழியே பெரிய இரும்புச் சக்கரத்தின் விளிம்பு வெயிலில் பளிச்சிட்டது.

டூயி ஒரு தாவு தாவினான். “அடிச்சோம் மிஸ் ஓடீல்! வண்டி கிடைச்ச உடனே கூப்பிடச் சொல்லியிருக்காரு டேரில்.” அலைபேசியை எடுத்து, “சார், பழைய ஆலை, ஷெட்டுக்குப் பின்னால. போலீஸையும் கூட்டிக்கிட்டு வாங்க” என்று சொல்லியே விட்டான்.

ஓடீல் தடுக்கக் கை நீட்டியது அதற்குப் பிறகுதான். அவள் பார்த்துக்கொண்டிருந்தது ஆலையை அல்ல. ஆலைக்கு அந்தப் பக்கம், மரங்களுக்கு மேல் தெரிந்த, எல்மீர் ஜெபத்துக்குப் போகும் கோயில் கோபுரத்தின் சிலுவையை.

“டூயி,” என்றாள் மெதுவாக. “இந்த ஊர்ல ஆரஞ்சு எப்ப காய்க்கும்?”

“நவம்பர், டிசம்பர்ல. ஏன்?”

“இப்ப மே மாசம்.”

அவள் டூயி பக்கம் திரும்பினாள்.

“கிரீஸ் படிஞ்ச கையை மெக்கானிக்குங்க எதால கழுவுவாங்க? ஆரஞ்சு வாசனை போட்ட களிம்பு. டப்பா டப்பாவா விக்கும். அந்த ஷெட்டுல கருவியெல்லாம் ஏன் உன் இடுப்புக்குக் கீழ தொங்குது? அல்சீட் வாசல் நிலையில தலை இடிக்கிற ஆளு. அவன் ஏன் முதல் வகுப்புப் பையன் மேஜையில வேலை செய்யணும்?”

டூயியின் கையில் பாதிப் பூடான் அப்படியே நின்றது. “நான் இப்ப யாருக்கு போன் பண்ணிட்டேன்?” என்றான்.

*

உள்ளே டிராக்டர் இல்லை. டிராக்டராக இருந்ததெல்லாம் இருந்தது. வெள்ளைப் படுக்கை விரிப்புகளை வரிசையாக விரித்து, என்ஜின், பல்சக்கரங்கள், தண்டுகள், வால்வுகள், திருகுகள் என்று ஒவ்வொன்றும் துடைத்து அடுக்கப்பட்டிருந்தன. ஊமத்தம்பூ அளவுக்கு ஒரு புனல்கூடத் தனியே ஒரு கைக்குட்டையில். கறுப்புச் சால்வை ஓர் ஆணியில் தொங்கியது; அதன் கீழே அந்தத் துணிப்பை, வாய் நிறைய ஸ்பானர்கள். எல்மீர் ஒரு மரப்பெட்டியில் உட்கார்ந்து முன் அச்சின் கடைசிப் போல்ட்டைக் கழற்றிக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்த்தாள். பதறவில்லை.

“கால்ல பார்த்து வா ஷேர். அங்க ஒரு ஸ்பிரிங் இருக்கு, மிதிச்சா காணாமப் போயிடும்.”

ஓடீல் இன்னொரு பெட்டியை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தாள். “ஒரு வாரத்துல இவ்வளவும் நீங்க தனியா பிரிச்சீங்களா?”

“பிரிக்கிறது என்ன பெரிய வேலை? மாட்டினதும் நான்தானே.” போல்ட் கழன்று வந்தது. அதைத் துடைத்து வரிசையில் வைத்தாள். “முதல் ரெண்டு வண்டி அவர் செஞ்சது. பொய் சொல்ல மாட்டேன். அப்புறம் அவருக்குக் கை நடுங்க ஆரம்பிச்சுது. ஒரு நட்டை மாட்ட மாட்டாம அழுதாரு. ‘நகருங்க’ன்னு நான் வாங்கி மாட்டினேன். அன்னிலேருந்து அவர் ஸ்டூல்ல உக்காந்து சொல்லுவாரு, நான் செய்வேன். கொஞ்ச நாள்ல சொல்றதையும் நிறுத்திட்டாரு. நான் அவரைவிட முன்னாடி போயிட்டேன்.”

“யாருக்கும் தெரியாதா?”

“நோலனுக்குத் தெரியும். அடுத்த கண்காட்சியில மேடையில சொல்றேன்னு அல்சீட் சொல்லுவாரு. ஒவ்வொரு தடவையும் அடுத்த கண்காட்சி. கோப்பையை வாங்கிக்கிட்டு வந்து என் மடியில வைப்பாரு, ‘உனக்குத்தான் எல்மீர்’னு. வீட்டுக்குள்ள.” அவள் குரல் எழும்பவில்லை. “அதுவும் போகட்டும்னு இருந்தேன். பலகை வார்க்கிறாங்கன்னதும் டேரில்கிட்ட, என் பேரையும் ஒரு ஓரத்துல போடுடான்னு கேட்டேன். ‘அம்மாவுக்கு ஆசையைப் பாரேன்’னு சிரிச்சான். அவன் பொண்டாட்டிகிட்டயும் சொல்லிச் சிரிச்சான்.”

“அதுக்காகத் திருடினீங்களா?”

“திருடலை. எப்படிக் கிடைச்சுதோ அப்படித் திருப்பி வெச்சிருக்கேன்.” ஸ்பானரைக் கீழே வைத்தாள். “அல்சீட் செஞ்ச வண்டின்னா அல்சீடே வந்து மாட்டட்டும்.”

வெளியே கார்கள் வந்து நின்றன.

டேரில் முதலில் விரிப்புகளைப் பார்த்தான், பிறகு அம்மாவை. அவன் பின்னால் போலீஸ் டெபுடி ஃபால்கு. அவருக்கும் பின்னால், வலுக்கட்டாயமாகக் காரில் ஏற்றிக் கொண்டுவரப்பட்ட நோலன் ஏபேர்.

“அடப்பாவி!” டேரில் நோலனை நோக்கிப் பாய்ந்தான். “எங்கம்மாவைக் கொண்டாந்து இதுக்குக் காவல் வெச்சிருக்கியா?”

“அவன் இல்லைடா” என்றாள் எல்மீர். “நான்தான். நான் ஓட்டிக்கிட்டு வந்தேன். நான் பிரிச்சேன்.”

“அம்மா, நீங்க சும்மா இருங்க. ஊறுகாய் பாட்டில் மூடியைத் திறக்க என்னைக் கூப்பிடுவீங்க. இந்த வண்டியைப் பிரிச்சீங்களா?”

“உன்னை எதுக்காவது கூப்பிடணுமேன்னு கூப்பிடறது.”

டூயி சிரித்திருக்க வேண்டும். சிரிக்கவில்லை.

ஓடீல் எழுந்தாள். தொங்கும் கருவிகளைச் சொன்னாள். மேஜையைச் சொன்னாள். ஆரஞ்சுக் களிம்பைச் சொன்னாள். விரிப்பின் ஓரத்திலிருந்து கிளட்ச் பெடலை எடுத்துக் காட்டினாள்; அதன் மேல் ஒரு மரக்கட்டை திருகியிருந்தது. குட்டைக் காலுக்கு எட்டுவதற்காக.

டேரில் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டான். “அப்பா குனிஞ்சு எடுத்திருப்பார்” என்றான்.

“நோலனைக் கேளுங்க.”

எல்லாரும் நோலனைப் பார்த்தார்கள். எல்மீரும் பார்த்தாள். கெஞ்சும் பார்வை அல்ல. பக்கத்து வீட்டுக்காரன் கடன் வாங்கிய பாத்திரத்தைத் திருப்பிக் கொண்டுவருவானா என்று பார்க்கிற பார்வை.

டெபுடி தொண்டையைக் கனைத்தார். “நோலன், வண்டி கிடைச்சாச்சு. இதைத் திருப்பி மாட்டிக் குடுத்துட்டா டேரில் புகாரை வாபஸ் வாங்கிக்குவார். இல்லையா டேரில்? சொல்லு, யார் வேலை இதெல்லாம்?”

நோலன் விரிப்புகளைப் பார்த்தான். பூட்ஸைப் பார்த்தான். கோப்பைகளோடு அல்சீட் நின்ற அத்தனை படங்களிலும் அவன் தோளுக்குக் கீழே இருந்த முகம் நோலனுடையது. அவள் பெயர் வெளியே வந்தால் அந்த முகத்துக்கு என்ன மிச்சம்?

“அல்சீட் வேலை” என்றான். “நானும் கூட மாட இருந்தேன். எல்மீர் வந்து காபி குடுப்பா.” அவன் குரல் தேய்ந்தது. “நானே மாட்டிக் குடுத்துடறேன்.”

எல்மீர் ஆணியிலிருந்து சால்வையை எடுத்துப் போட்டுக்கொண்டாள். டேரில் அவளைத் தோளோடு அணைத்து, குழந்தைக்குச் சொல்வது போல், “வாங்கம்மா, அப்பா போனதுலேருந்தே நீங்க சரியா தூங்கலை” என்று கூட்டிப் போனான். கதவருகே திரும்பி, டூயியைப் பார்த்துச் சொன்னான்: “பிரமாதம் சார். நல்லா கண்டுபிடிச்சீங்க.”

டூயி அவன் நீட்டிய கையைப் பார்த்தான். தன் கையைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டான்.

*

ஓடீல் தன் அறிக்கையில் நடந்ததை நடந்தபடி எழுதி ஹூஸ்டனுக்கு அனுப்பினாள். ‘வண்டி மீட்கப்பட்டது’ என்ற முதல் வரிக்குக் கீழே டேரில் படித்த மாதிரி தெரியவில்லை. எல்மீரைத் தன் வீட்டுக்குப் பக்கத்தில், வயதானவர்கள் தங்கும் இடமொன்றில் சேர்த்தான். நல்ல இடம். ஏர்கண்டிஷன், பூந்தோட்டம், சனிக்கிழமை சங்கீதம். துணிப்பையை அவன் உள்ளே விடவில்லை. கனமான சாமான் கூடாது என்று அங்கே விதியாம்.

நோலன் கோடை பூராவும் மாட்டிப் பார்த்தான், கூடவில்லை. கடைசியில் பெட்டி பெட்டியாகக் கட்டி அயோவாவுக்கு ஏற்றிவிட்டார்கள்.

அறுவடை முடிந்த பிறகு ஓர் ஏலத்துக்காக டூயி வடக்கே போனான். வரும்போது அந்த மியூசியத்தில் நுழைந்து பார்த்துவிட்டு வந்தான். அலுவலகத்தில் தொப்பியைக் கழற்றாமலே உட்கார்ந்தான்.

“அங்க ஆளுங்க மாட்டி நடு மண்டபத்துல நிறுத்தியிருக்காங்க மிஸ் ஓடீல். கண்ணாடி மாதிரி பாலிஷ். பலகை இருக்கு. அல்சீட் படம் ஆள் உயரத்துக்கு இருக்கு. மத்த வண்டியெல்லாம் தினம் ஒரு தடவை கிளப்பிக் காட்டறாங்க. இதை மட்டும் கிளப்பறதில்லை. ஏன்னு கேட்டேன். ‘அல்சீட் வெரெட் நினைவுக்கு மரியாதையா வேற யாரும் இதை ஓட்டறதில்லை’ன்னான் அங்க இருந்த பையன். அப்புறம் என்கிட்ட குனிஞ்சு, ‘எவ்வளவோ பேர் வந்து பார்த்துட்டாங்க சார், ஒரு தும்மல்தான் போடுது, அப்புறம் செத்துப்போகுது’ன்னான்.”

அவன் எப்போதும் ஒரு ஜோக்கோடு முடிப்பவன். இன்று தொப்பியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

ஓடீல் ஹூஸ்டனுக்குப் போன் போட்டாள். வெகு நேரம் மணி அடித்த பிறகு எல்மீர் எடுத்தாள். பின்னணியில் எங்கோ டெலிவிஷன் சிரித்துக்கொண்டிருந்தது. ஓடீல் விஷயத்தைச் சொன்னாள். அந்தப் பக்கம் டெலிவிஷன் சத்தம் குறைந்தது.

“தும்மறப்ப புகை மேல வருதா, கார்புரேட்டர் பக்கமா வருதா?”

டூயியிடம் கேட்டுச் சொன்னாள்: “கார்புரேட்டர் பக்கமாத்தானாம்.”

“மேக்னெட்டோவைத் தலைமாத்தி மாட்டியிருக்காங்க. தீப்பொறி ஒரு சுத்து தள்ளி விழுது” என்றாள் எல்மீர். பல மாதத்துக்குப் பிறகு அந்தக் குரலில் ஓர் உயிர் இருந்தது. “ரெண்டு போல்ட்டைக் கழட்டி, அரைச் சுத்து திருப்பி மாட்டினா போதும். காபி ஆறறதுக்குள்ள முடிஞ்சுடும்.”

ஓடீல் பேனாவை எடுத்தாள். “நான் அவங்களுக்குச் சொல்லிடட்டுமா, மிஸ் எல்மீர்?”

“சொல்லேன் ஷேர்” என்றாள் எல்மீர். “யார் சொன்னதுன்னு கேப்பாங்களே, அப்ப என்னன்னு சொல்லுவே?”